83 முடிச்சு!

‘தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே’ என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. கவனித்துப் பாருங்கள், புத்திமதி முழுக்க வாங்குகிறவனுக்குத்தான். கொடுக்கிறவனுக்கு ஒரு வரி கூடக் கிடையாது. ‘ஏம்ப்பா, பல் போன கிழட்டு மாட்டையா தானம்னு ஓட்டிக்கிட்டு வர்றே?’ என்று அவனை யாரும் கேட்பதில்லை. கொடுத்தாலே புண்ணியம். அதற்கு மேல் குவாலிட்டி கன்ட்ரோல் எல்லாம் எதற்கு?

மாட்டை ஓட்டிக்கொண்டு போவதற்கு முன்னால் தாங்களே அதன் பல்லைப் பிடித்துப் பார்க்கிற ஒரு கூட்டத்தை எனக்குத் தெரியும். பெரும்பாலும் பாட்டிகள். இடம், அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலம், ஒரு சின்ன ஊர், சர்ச்சின் அடித்தளம். அவர்கள் கொடுப்பது மாடு இல்லை. போர்வை.

* * *

சும்மா கடைப் போர்வை இல்லை, க்வில்ட். மேலே துண்டு துண்டாக ஒட்டுப் போட்ட துணி, கீழே ஒரே துணி, நடுவில் குளிர் தாங்க கனமாக ஏதாவது. மூன்றையும் சேர்த்துத் தைத்தால் க்வில்ட். நம் ஊர் ரஜாய்க்குப் பெரியப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

‘இது என்ன பெரிய அமெரிக்க அதிசயம்?’ என்று கேட்பவர்களுக்கு: அதிசயமே இல்லை. வங்காளத்தில் இதற்கு காந்தா என்று பெயர். பீகாரில் சுஜனி. மகாராஷ்டிரத்தில் கோதடி. பெயர் எதுவும் வைக்காமலே நம் வீட்டுப் பாட்டிகளும் இரண்டு பழைய நூல் புடவைகளை மடித்து, நாலு பக்கமும் ஓட்டுத் தையல் போட்டு, பிறந்த குழந்தைக்கு விரித்தவர்கள்தான். நீங்களும் நானும் முதன் முதலில் நனைத்தது அதைத்தான்.

வித்தியாசம் என்னவென்றால், நம் பாட்டி பேரனுக்குத் தைத்தாள். மின்னசோட்டா பாட்டிகள் யாரென்றே தெரியாதவருக்குத் தைக்கிறார்கள். அவர் எந்த நாடு, என்ன மதம், ஆணா பெண்ணா, எதுவும் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். அவருக்குப் போர்த்திக்கொள்ள ஒன்றும் இல்லை.

* * *

2018-ல் அக்கா வீட்டுக்கு மூன்று மாதம் போயிருந்தேன். அக்காவும் அத்தானும் காலை ஏழரைக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். எனக்கு அங்கே கார் ஓட்ட லைசென்ஸ் இல்லை. அந்த ஊரில் பஸ் இல்லை. தெருவில் நடந்தால், நடப்பதே ஏதோ விபரீதம் போல, கார்க்காரர்கள் நிறுத்தி ‘எல்லாம் சரியாத்தானே இருக்கு?’ என்று விசாரித்தார்கள். நான்காம் நாளே எனக்கு ஜன்னல் கம்பி எண்ணத் தோன்றியது. அங்கே ஜன்னலுக்குக் கம்பியும் கிடையாது.

பக்கத்து வீட்டில் ரிட்டயர்டு டீச்சர் ஒருவர். அக்காதான் அவரிடம் என்னை ஒப்படைத்தாள்.

“டேய், செவ்வாய்க்கிழமை அவங்ககூட சர்ச்சுக்குப் போயிட்டு வா. போர்வை தைக்கிறாங்களாம்.”

“நான் எதுக்கு அக்கா? எனக்கு ஊசியில நூல் கோக்கத்தான் தெரியும்.”

“அது போதும். அங்கே யாருக்கும் கண்ணு தெரியாது.”

அக்கா சொன்னது பெரிதும் சரி. அந்தக் கூட்டத்தில் நான் போகும்வரை ஆகச் சின்னவருக்கு வயது 63. ஆக மூத்தவருக்கு 84. நான் நுழைந்ததும் பதினைந்து ஊசிகள் என் பக்கம் நீண்டன.

அது லூத்தரன் சபை. தமிழர்களுக்கு அந்நியமான பெயர் இல்லை. 1706-ல் தரங்கம்பாடியில் கப்பலிறங்கி, தமிழ் படித்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய சீகன்பால்க், அந்தச் சபைக்காரர்தான். மின்னசோட்டாவுக்கு அதைக் கொண்டு வந்தவர்கள் நார்வே, ஸ்வீடன், ஜெர்மனியிலிருந்து பிழைக்கப் போன விவசாயிகள். இன்றைக்கும் அந்தப் பாட்டிகளில் பாதிப் பேருக்கு நார்வே நாட்டுக் குடும்பப் பெயர்.

‘நீ எந்த சர்ச்?’ என்று யாராவது கேட்பார்கள், பதில் தயாரித்து வைத்திருந்தேன். கேட்கவில்லை. கேட்டது இரண்டே கேள்வி. ஊசி பிடிப்பாயா? காபி குடிப்பாயா?

இரண்டாவது கேள்விதான் ஆபத்து. அந்தச் சபைகளில் பரம்பரையாக ஒரு காபி உண்டு. காபித்தூளில் முட்டையை உடைத்து ஊற்றிப் பிசைந்து, கொதிக்கிற தண்ணீரில் போடுவார்கள். முட்டை, தூளையெல்லாம் இழுத்துக்கொண்டு கட்டியாகிவிட, காபி தெளிந்து வரும். கும்பகோணம் டிகிரி காபியில் வளர்ந்தவன் மனநிலையை யோசியுங்கள். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், முட்டை வாசனை துளிக்கூட இல்லை. காபி வாசனையும் அவ்வளவாக இல்லை.

* * *

இனி வேலை. கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். பி.காம். படித்தவனுக்குக் கணக்கு சொல்லாமல் கதை சொல்ல வராது.

முதலில் துணி. ஊரில் யார் வீட்டிலாவது திரைச்சீலை மாற்றினால், தாத்தா காலமானால், பிள்ளை காலேஜுக்குப் போய்விட்டால், துணி மூட்டை சர்ச்சுக்கு வந்துவிடும். அதைப் பிரிப்பதற்கு ஒரு பாட்டி. கெடுபிடியான பாட்டி. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். இரண்டு கையாலும் இழுத்துப் பார்ப்பார். நைந்திருந்தால் தள்ளுபடி. மெலிதாக இருந்தால் தள்ளுபடி. துவைத்தால் சாயம் விடும் என்று சந்தேகம் வந்தால் தள்ளுபடி. நம் ஊர் பாங்கில் லோன் அப்ளிகேஷன் பார்க்கும் ஆபீஸர் கெட்டார்.

துணி நன்றாக இருந்தும் தள்ளுபடியாகிற ஒரு ரகம் உண்டு. அதற்கென்று ஓரமாக ஒரு அட்டைப் பெட்டி. அதில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். அமெரிக்கக் கொடி போட்ட துணி. சிலுவை, தேவதைப் படம் போட்ட துணி. ராணுவத்தின் பச்சைத் திட்டுத் துணி.

“இதெல்லாம் நல்லாத்தானே இருக்கு?” என்றேன்.

“துணி நல்லா இருக்கு. ஆனா இந்தப் போர்வை எங்கே போகும்னு எனக்குத் தெரியாது. ராணுவத்துக்குப் பயந்து ஓடி வந்த பிள்ளைக்கு ராணுவத் துணியிலயா போர்த்துவே? வேற சாமி கும்பிடறவங்களுக்கு எங்க சாமி படத்தையா குடுப்பே? குளிருக்குக் குடுக்கறோம். அதோட வேற எதையும் சேர்த்துக் குடுக்கக் கூடாது.”

சர்ச்சுக்குள் உட்கார்ந்துகொண்டு, சர்ச் பாட்டி, சிலுவைத் துணியை ஒதுக்கி வைக்கிறார். நான் வாயை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்தேன்.

அடுத்தது வெட்டுவது. 11 அங்குலச் சதுரங்கள். ஒட்டும்போது நாலு பக்கமும் அரை அரை அங்குலம் தையலுக்குள் போய்விடும். மிச்சம் 10. அகலத்துக்கு 6 சதுரம், நீளத்துக்கு 8. ஆக 48 சதுரம். பெருக்கிப் பாருங்கள். 60 அங்குலம் அகலம், 80 அங்குலம் நீளம். கட்டம் எதுவாகவும் இருக்கலாம், முழு அளவு மட்டும் இதுதான்.

மேஜை மேல் 48 சதுரங்களையும் பரப்பி அழகு பார்ப்பார்கள். இதற்கு மட்டும் அரை மணி நேரம் சண்டை. ‘சிவப்பு பக்கத்துல சிவப்பு வரலாமா?’, ‘அந்தக் கட்டம் போட்டதை நடுவுல வை’, ‘இது யாரோட படுக்கை விரிப்பு, இவ்வளவு கோரமா?’ எல்லாம் இனாமாக வந்த கந்தல். போகப் போவது முகம் தெரியாத யாருக்கோ. இதில் கலர் பொருத்தம் எதற்கு? கேட்டேன்.

“இல்லாதவங்களுக்குக் கண்ணு இருக்காதா?” என்றார் டீச்சர்.

பிறகு மிஷினில் ஒட்டு. நடுவில் வைக்க பழைய கம்பளி, மெத்தை மேல் போடுகிற உறை, ஏதாவது கனமானது. அடித்துணியை விரித்து, மேலே கம்பளி, அதற்கு மேல் ஒட்டுத்துணி. இப்போது மூன்றும் விலகாமல் இருக்க வேண்டும். கலை வேலைப்பாடு உள்ள க்வில்ட் என்றால் பொடிப்பொடியாகக் கையால் தைப்பார்கள், மாதக் கணக்காகும். இங்கே அதற்கு நேரமில்லை. முடிச்சுதான். பெரிய ஊசியில் தடித்த நூலைக் கோத்து, மேலிருந்து குத்தி, அடியில் எடுத்து, மறுபடி மேலே கொண்டு வந்து, இறுக்கி இரட்டை முடிச்சு. சதுரங்கள் கூடுகிற ஒவ்வொரு மூலையிலும் ஒன்று, அது 35. ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் ஒன்று, அது 48. மொத்தம் 83 முடிச்சு.

கண் தெரிந்த ஒரே ஆசாமி என்பதால் எனக்கு முடிச்சு டிபார்ட்மென்ட். எனக்கு எதிரே ஒரு தாத்தா. ரிட்டயர்டு விவசாயி. கூட்டத்தில் ஆண்கள் மொத்தம் மூன்று பேர். வெட்டுவது, பெட்டி தூக்குவது, முடிச்சுப் போடுவது எங்கள் இலாகா. வைக்கோல் கட்டின கை அவருக்கு. நான் ஒன்று போடுவதற்குள் மூன்று போட்டார். ஒவ்வொன்றையும் போட்டபின் வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். தன்னுடையதை மட்டும் இல்லை, என்னுடையதையும்!

“அவிழ்ந்தா அங்கே கட்டறதுக்கு நான் போக முடியாது பார்” என்றார்.

* * *

இந்தப் போர்வைகள் எங்கே போகின்றன?

1945. உலக யுத்தம் முடிந்த கையோடு, ஐரோப்பாவில் வீடு வாசல் இழந்து நின்றவர்களுக்கு உதவ அமெரிக்க லூத்தரன் சபைகள் சேர்ந்து ‘லூத்தரன் வேர்ல்டு ரிலீஃப்’ என்ற அமைப்பைத் தொடங்கின. சர்ச்சு சர்ச்சாகப் பெண்கள் தைக்க ஆரம்பித்தார்கள். யுத்தம் முடிந்தது, தையல் முடியவில்லை. ஐரோப்பா நிமிர்ந்துவிட்டது. ஆனால் உலகத்தில் ஏதாவது ஒரு மூலையில் யாராவது வீட்டை விட்டு ஓடிக்கொண்டேதான் இருக்கிறார்கள். சிரியாவில் சண்டை மூண்டபோது ஜோர்டானில் அடைக்கலம் புகுந்தவர்களுக்குப் போயிருக்கிறது. 2022-ல் உக்ரைன் யுத்தத்துக்குப் போயிருக்கிறது. பூகம்பம், வெள்ளம் என்றாலும் போகும். இந்த மாதிரி எத்தனையோ ஊர்களில் எத்தனையோ சர்ச் அடித்தளங்கள். வருஷத்துக்கு லட்சக்கணக்கில் போர்வைகள் சேர்ந்திருக்கின்றன.

போன இடத்தில் அது போர்வையாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. தரையில் விரிப்பு. கூடாரத்துக்குள் நாலு குடும்பம் இருந்தால் நடுவே தடுப்பு. வெயிலுக்குப் பந்தல். வாசலுக்குக் கதவு. முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொள்ளும் தூளி. சந்தையில் தக்காளி பரப்பி வைக்கும் கடை. ஒரு துணி, ஒன்பது உத்தியோகம்.

அதென்ன கணக்கு, 60-க்கு 80? கெடுபிடிப் பாட்டியிடம் கேட்டேன். 80 அங்குலம் என்றால் ஆறடி எட்டு அங்குலம். அவ்வளவு உயரமான மனுஷன் எங்கே இருக்கிறான்?

“காலை நீட்டிப் படுத்தா பாதம் வெளியே தெரியக் கூடாது. குளிர் அங்கேதான் ஏறும்” என்றார். கத்தரித்துக் கொண்டே, தலையை நிமிர்த்தாமல் இன்னொன்றும் சொன்னார். “சில பேரை முழுசா மூடவும் வேண்டியிருக்கும்.”

புரிய எனக்கு இரண்டு முடிச்சு நேரம் ஆயிற்று.

* * *

இப்போது என் குலத்தொழில். காஸ்டிங்.

ஒரு போர்வைக்கு வெட்டுவது, ஒட்டுவது, முடிச்சு, ஓரம் மடித்துத் தைப்பது எல்லாம் சேர்த்து நான் பார்த்த அளவில் சுமார் 10 ஆள்மணி. (சண்டை நேரம் தனி.) அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009-லிருந்து அதேதான். பத்து மணிக்கு 72.50 டாலர். டாலருக்கு 70 ரூபாய் என்று வைத்தாலே 5,075 ரூபாய். துணி இனாம், நூல் செலவு, மிஷின் தேய்மானம், கரன்ட், முட்டை காபி இதெல்லாம் தள்ளிவிட்டுத்தான் இந்தக் கணக்கு. இதற்கு மேல் கப்பல் கூலி.

ஹரியானாவில் பானிபட் என்று ஓர் ஊர். சரித்திரப் பாடத்தில் மூன்று யுத்தம் நடந்த அதே ஊர். அமெரிக்கா, ஐரோப்பாவில் கழித்துப் போடுகிற பழைய கம்பளித் துணிகள் அங்கே மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பெண்கள் உட்கார்ந்து பட்டன், ஜிப்பெல்லாம் வெட்டி எடுத்து, கலர் கலராகப் பிரிப்பார்கள். மிஷினில் கிழித்துப் பஞ்சாக்கி, திரும்ப நூலாக்கி, கம்பளியாக நெய்துவிடுவார்கள். நிவாரணத்துக்கென்று உலகமெங்கும் கொடுக்கப்படுகிற சாம்பல் நிறக் கம்பளிகளில் ஏராளமானவை பானிபட் சரக்குதான். விலை சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

ஆக, எந்த ஆடிட்டரும் சொல்வார்: ‘பாட்டிகளை வீட்டுக்கு அனுப்புங்கள். ஆளுக்கு ஒரு செக் வாங்குங்கள். பானிபட்டில் ஆர்டர் போடுங்கள். ஒரு போர்வைக் காசில் பத்துப் போர்வை.’

நிவாரண வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். ‘பொருளாக அனுப்பாதீர்கள், பணமாக அனுப்புங்கள். பக்கத்துக் கடைக்காரனும் பிழைத்துப் போவான்.’ நியாயம். பக்கத்து ஊர்ச் சந்தையில் கம்பளி கிடைக்கிற இடத்துக்குப் பசிபிக் கடல் தாண்டிக் கம்பளி அனுப்புவது தர்மமில்லை, டிராஃபிக் ஜாம்.

இதை நாசூக்காக டீச்சரிடம் சொன்னேன். அவர் கோபித்துக் கொள்ளவில்லை.

“பணமும் அனுப்பறோமே. செக் எழுத ரெண்டு நிமிஷம். மிச்ச செவ்வாய்க்கிழமைக்கு என்ன பண்றதாம்?”

இதைச் சிரிப்புக்காகச் சொன்னார் என்றுதான் முதலில் நினைத்தேன். ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோது, என் காஸ்டிங் வாத்தியார் கரும்பலகையில் எழுதிப் போட்டதைத்தான் அவர் வேறு பாஷையில் சொல்லியிருக்கிறார் என்று தோன்றியது. ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட். ஒரு வேலைக்கு என்ன விலை? அந்த நேரத்தில் வேறு என்ன செய்து என்ன சம்பாதித்திருப்பாயோ, அது. 84 வயதுப் பாட்டி செவ்வாய்க்கிழமை காலை இங்கே வரவில்லை என்றால் 72.50 டாலர் சம்பாதித்திருப்பாரா? டி.வி. முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பார். அந்தத் திரைச்சீலைத் துணி வேறு எங்கே போயிருக்கும்? குப்பை மேட்டுக்கு. ஆக கூலி பூஜ்யம், சரக்கு பூஜ்யம். உண்மையான செலவு நூலும் கப்பல் கூலியும்தான். கப்பல் கூலிக்கென்று காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பா வைத்திருந்தார்கள். காபி குடிக்கிறவர்கள் போட வேண்டும். நான் அதில் காபிக்காகப் போட்டதில்லை, போர்வைக்காகப் போட்டேன்.

இந்தக் கணக்கில் வரவுப் பக்கத்தில் எழுத முடியாத ஒரு ஐட்டமும் இருந்தது. அந்த 84 வயதுப் பாட்டிக்கு முந்தின குளிர்காலத்தில் கணவர் போய்விட்டார். அவருடைய சட்டைகளை, கட்டம் போட்ட ஃப்ளானல் சட்டைகள், ஒரு பையில் எடுத்து வந்திருந்தார். வந்து பல செவ்வாய்க்கிழமைகள் ஆகியும் அந்தப் பை அவர் காலடியிலேயே இருந்தது. யாரும் ‘வெட்டலாமா?’ என்று கேட்கவில்லை. கெடுபிடிப் பாட்டி கூட. அப்புறம் ஒரு நாள் அவரே எடுத்து மேஜை மேல் போட்டார். பட்டன்களை மட்டும் வெட்டி ஒரு சின்ன டப்பாவில் போட்டுக்கொண்டார். கெடுபிடிப் பாட்டி வழக்கம்போல் துணியை வெளிச்சத்தில் பிடித்து, இழுத்துப் பார்த்து, ‘நல்ல துணி. ரொம்ப நாள் உழைக்கும்’ என்றார். அந்த மேஜையில் அன்றைக்கு அதற்கு மேல் பேச்சு இல்லை.

அந்தப் போர்வை எங்கே போயிற்றோ? வாங்கினவருக்கு அது ஒருவருடைய சட்டை என்று தெரியவே போவதில்லை. பாட்டிக்கு ஒரு நன்றிக் கடிதம் வரப் போவதும் இல்லை. பெயர் எழுதுவது கிடையாது, ‘உபயம்’ என்று ஒரு மூலையில் கூடப் போடுவதில்லை. டியூப் லைட் வாங்கிக் கொடுத்துவிட்டு, வெளிச்சமே தெரியாத அளவுக்கு அதன் மேல் பெயர் எழுதுகிற ஊரிலிருந்து போனவனுக்கு இது ஜீரணமாக நாளாயிற்று.

* * *

ஜீரணமாகாத இன்னொரு சமாசாரம் நம் ஊர்க்கதை.

2004 டிசம்பர் 26. சுனாமி. நாகப்பட்டினம் பக்கம் உயிரோடு தப்பியவர்களுக்கு நாட்டின் எல்லாத் திசையிலிருந்தும் லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. மனசு நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் வந்தது என்ன? கிழிந்தது, சாயம் போனது, அவர்கள் உடுத்தாத தினுசு. மீனவ ஜனங்கள் அதைத் தொட மறுத்தார்கள். ஒரே காலையில் எல்லாம் போனவர்கள்தான், ஆனால் முந்தின நாள் வரை சொந்தமாக உழைத்துச் சாப்பிட்டவர்கள். துணிகள் சாலையோரத்தில் மலை மலையாகக் குவிந்து, மழையிலும் மண்ணிலும் கிடந்தன. அகற்றுவதே தனி நிவாரண வேலையாயிற்று.

டெல்லியில் அன்ஷு குப்தா என்பவர் 1999-ல் தொடங்கிய ‘கூன்ஜ்’ என்ற அமைப்பு, அப்படிக் கேட்பாரற்றுக் கிடந்த துணிகளை எடுத்துப் பிரித்துப் பயன்படுத்துகிற வேலையை மேற்கொண்டது. 2015-ல் அவருக்கு மகஸேஸே விருது கிடைத்தது. அவர்கள் செய்வதும் ஒருவகையில் பாட்டிகள் செய்வதுதான். வந்த துணியைப் பிரி, துவை, எது எதற்கு ஆகும் என்று பார், உடுத்த ஆகாததைக் கிழித்து வேறு பண்டமாக்கு. சுஜனிப் போர்வையும் அதில் ஒன்று.

நாகப்பட்டினத்துச் சாலையோரத்துக்கும் மின்னசோட்டா அடித்தளத்துக்கும் வந்த சரக்கு ஒன்றேதான். பிறர் கழித்த துணி. ஒன்று குப்பையாயிற்று, ஒன்று போர்வையாயிற்று. நடுவில் இருந்தது 10 ஆள்மணியும், துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த ஒரு ஜோடிக் கண்ணும்தான். ஒருவர் தன் பீரோவைக் காலி செய்தார். இன்னொருவர் எதிராளியின் பாதம் வெளியே தெரியாமல் இருக்க எத்தனை அங்குலம் வேண்டும் என்று அளந்தார். இரண்டுக்கும் நாம் தானம் என்று ஒரே பெயர் வைத்திருக்கிறோம். தமிழில் வார்த்தைப் பஞ்சம்!

* * *

அக்டோபரில், போர்வைகளை லாரியில் ஏற்றி அனுப்புவதற்கு முந்தின ஞாயிறு, ஒரு வழக்கம் உண்டு. அந்த வருஷம் தைத்த அத்தனையையும் சர்ச் பெஞ்சுகளின் முதுகில் மடித்துப் போடுவார்கள். நூற்றுச் சொச்சம் போர்வைகள். வழக்கமாக பழுப்பு மரமாக இருக்கிற இடம் அன்றைக்கு மட்டும் தீபாவளி ஜவுளிக்கடை. ஜனங்கள் அதில் சாய்ந்துகொண்டு பாட்டுப் பாடினார்கள். தன் வீட்டுத் திரைச்சீலையை அடையாளம் கண்டு ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவரை இடித்துக் காட்டினார். மறுநாள் காலை மடித்து, பெட்டியில் திணித்து, நாடா ஒட்டி, நாங்கள் மூன்று ஆண் பிள்ளைகளும் லாரியில் ஏற்றினோம். கிடுகிடுவென்று கிளம்பிப் போய்விட்டது. பாட்டிகள் கையசைத்தார்களா, கண் கலங்கினார்களா என்று கேட்காதீர்கள். அடுத்த வருஷத்துக்குத் துணி வெட்டப் போய்விட்டார்கள்.

அவர்களுக்கு உள்ள ஒரே கவலை, தங்களுக்குப் பிறகு யார் என்பது. பேரப் பிள்ளைகளுக்கு ஊசி பிடிக்கத் தெரியாது, செவ்வாய்க்கிழமை காலை லீவும் கிடையாது. சர்ச்சுக்கு வருகிற கூட்டமும் குறைகிறது. ‘நாங்க போனா மிஷினும் போயிடும்’ என்றார் டீச்சர், சாதாரணமாக, நாளைக்கு மழை வரும் என்பது போல.

உங்களைத் தையல் கிளாஸ் சேரச் சொல்லவில்லை. ஆபீஸிலிருந்து வந்து லுங்கி மாற்றிக்கொள்வதற்குள் ஒன்பதாகிவிடுகிறது, தெரியும். ஒரே ஒரு காரியம். அடுத்த தடவை எங்கேயாவது வெள்ளம், புயல் என்று ஆபீஸ் வாசலில் அட்டைப் பெட்டி வைப்பார்கள். வீட்டில் ஒரு பை ரொம்ப நாளாக ரெடியாக இருக்கும். ஜிப் போன பேன்ட், காலர் கிழிந்த சட்டை, கல்யாணத்தில் மாமா எடுத்துக் கொடுத்த, நீங்கள் ஒரு நாளும் போடாத அந்தப் பச்சை சஃபாரி. அதைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதற்கு முன்னால், ஒவ்வொன்றையும் எடுத்து ட்யூப் லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு கையாலும் ஒரு இழுப்பு இழுங்கள். ஜிப்பை மாற்றுங்கள், பட்டன் தைத்து விடுங்கள், துவைத்து இஸ்திரி போடுங்கள். அங்கே என்ன வேண்டும் என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். ‘சட்டை வேண்டாம் சார், பாய்தான் வேணும்’ என்றால் பாய் வாங்குங்கள். பணம்தான் வேண்டும் என்றால் பணம்.

மாட்டின் பல்லை வாங்குகிறவன் பார்க்கக் கூடாது, சரி. பழமொழி அவன் கையைக் கட்டிப் போட்டுவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், ஓட்டிக்கொண்டு போவதற்கு முன் நாம் பார்த்துவிடுவோம்.

பச்சை சஃபாரியை மட்டும் எதற்கும் மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.